அருவியில் குளிக்காதே என்றவன்

அடுத்தவர் காலைப் பிடித்தே பிழைத்தவன் நான். குற்றாலம் பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்க்கிறவன். இந்தத் தொழிலில் கை கடுத்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

முதல் உத்தரவு

ஐம்பதுகளின் கடைசி. கால்பந்து விளையாடுவதற்கென்றே ஆள் எடுத்து வைத்திருந்த ஒரு மில், சாரல் மாதத்தில் தென்காசிக் கோப்பைக்குத் தன் அணியை அனுப்பும். காலையில் அருவிக் குளியல், அப்படியே மைதானம். ஓட ஆரம்பித்ததும் எவனாவது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருடம் இப்படியே தோற்றபின், மேனேஜர் என்னை வேலைக்கு வைத்தார்.

விறைத்த காலோடு அருவியிலிருந்து ஓடி நொண்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆட்டம் முடிகிறவரை அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றேன். கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குத்தாலத்துக்கு வந்தவனக் குளிக்காதன்னு சொன்ன மொத ஆளு நீருதாம்வே."

நாலு சுற்று

எண்ணெய் தேய்த்ததும் மைதானத்தை நாலு சுற்று வரச் சொல்வேன். முதல் சுற்று நடை, அப்புறம் மெல்ல ஓட்டம், கடைசியில் காலை வீசி வீசி ஓட்டம். விசில் ஊதும்வரை தொடையில் கம்பளி. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து ஊர் இலஞ்சிக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் அரையிறுதிவரை ஒரு தொடைகூடப் பிடிக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இலஞ்சிக்காரர் ஒருவர் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏலே, வெளயாடுததுக்கு முன்னாலயே எல்லாத்தையும் ஓடித் தீத்துட்டானுவளே."

பத்துப் பேர்

சுடலைமுத்துதான் அணியிலேயே வேகமானவன். போன வருடம் முதல் ஆட்டத்திலேயே தொடை பிடித்ததால் அவன் வேலை நிரந்தரமாகவில்லை. இந்தத் தடவையும் பிடித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறுதி ஆட்டத்தன்று தலை ஈரத்தோடு வந்தான். அச்சன்புதூரிலிருந்து மாமனார் வீட்டார் வந்திருந்தார்களாம். குற்றாலத்தில் மருமகனைக் குளிக்க வைக்காமல் விடுவார்களா? தொட்டுப் பார்த்தேன், பின்தொடை பானைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது.

அப்போது மாற்று ஆள் கிடையாது. ஆனால் ஒருவன் பிந்தி இறங்கலாம். பத்துப் பேரோடு ஆரம்பியுங்கள் என்றேன். தோற்றால் அருவிக்கரைக்கே போய்விடு என்றார் மேனேஜர். கோட்டுக்கு வெளியே நானும் அவனோடு ஓடினேன். அதற்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். இருந்தும் தொடை சூடாகிற வரை விடவில்லை. இருபது நிமிடம் கழித்து இறங்கியவன் இரண்டு கோல் போட்டான். கோப்பையும் வேலையும் அவன் காலில் வந்து விழுந்தன. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அண்ணாச்சி, இனி மாமனாரு கூப்பிட்டாலும் போவ மாட்டேன்."

புட்டி

மறுநாள் பேரருவியில் எல்லாரும் ஆசை தீரக் குளித்தார்கள். அடுத்த அணிக்காரர்கள் வந்து ரகசியம் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் என் புட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாம் இந்த எண்ணெ செஞ்ச வேலல்லா."

அந்த வருடம் என் எண்ணெய்க்கு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல; நாலு சுற்று ஓடச் சொன்னபோதுதான் ஒருத்தரையும் காணோம்.