ஆறுகிற நேரத்துக்குக் கட்டம் இல்லை

என் மதினியின் கைகள் வெந்ததற்கு மேனேஜர்தான் காரணம். இதை எழுதாதே என்று வீட்டில் சொன்னார்கள். எழுதுகிறேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை. அண்ணன் மனைவியான மதினிக்கு அங்கே வெடிமருந்து வேலை. நான் பத்தாவது முடித்திருந்ததால் ஆபீஸ் அறையில் நேரம் எழுதுகிற வேலை. செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆலையில் இருந்த ஒரே கடிகாரம் என் தலைக்கு மேல் தொங்கியது. ஜன்னல் வழியே, மருந்து காய்கிற களமும் அதை அடுத்த ஷெட்டும் தெரியும். தட்டு எப்போது களத்தை விட்டு வந்தது, அடுத்த வேலை எப்போது தொடங்கியது, இரண்டையும் எழுத வேண்டும்.

வாணவெடிக்குள் போகிற, மணி மணியாக உருட்டிய மருந்து வெயிலில் காய்ந்து வரும்போது கொதிக்கும். சூட்டோடு உரசினால் பற்றிக்கொள்ளும். தட்டை நிழலில் வைத்து, அதன் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு போன பிறகுதான் பெண்கள் மருந்தைத் தொடுவார்கள். அரை மணி நேரம் ஆகும். மேனேஜர் அச்சடித்துத் தந்த நோட்டில் இரண்டே கட்டம்: வேலை, சும்மா. ஆறுகிற நேரத்தை நான் சும்மாவில் எழுதினேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தப்பு.

தீபாவளி சீசன் நெருங்கியபோது மேனேஜர் நோட்டைப் புரட்டிச் சிவப்பு வட்டமாகப் போட்டார்.

"தட்டு வந்தும் அரை மணி சும்மா உக்காந்திருக்காக. பத்து நிமிஷம் போதும். முடியாதுன்னா நாளைக்கு வேன்ல ஏற வேண்டாம்னு சொல்லு."

"சார், அது சரக்கு ஆறுற நேரம்."

"சும்மான்னு எழுதுனது யாரு? நீதான?"

போய் மதினியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"ஏட்டி, ஒங்க சாரு சோத்தையே ஊதி ஊதித்தான் திம்பாரு. மருந்த மட்டும் நாங்க கொதிக்கக் கொதிக்கத் தொடணுமாக்கும்?"

ஆலை வேனில் ஏற்ற மாட்டார்கள், வேலை போய்விடும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

மூன்றாம் நாள், பன்னிரண்டு பத்துக்குத் தட்டு வந்தது. பன்னிரண்டு இருபதுக்கு வேலை தொடங்கியது என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் புகை எழும்பியது. மதினி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். இன்றுவரை அந்த விரல்கள் மடங்கவில்லை. அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது நான்தான்.

சூலக்கரையில் அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நோட்டையும் கொண்டுவரவில்லை. "ஆறவிடணும்னு எல்லாருக்கும் தெரியும், அந்தம்மா அவசரப்பட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர். அதன் பிறகு குழாயடியில் மதினிக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். அவள் காதிலும் விழுகிறது.

மேனேஜர் அவர்களே, காலையில் வேன்கள் வந்து நிற்கிற நேரத்தில் ஆலை வாசலுக்கு வாருங்கள். நோட்டையும் எடுத்து வாருங்கள். ஆறுகிற நேரத்தைச் சும்மா என்று எழுதியது நான்தான் என்று எல்லாப் பெண்களும் கேட்க நான் சொல்கிறேன். பத்து நிமிடம் போதும் என்றது யார்? அதை அவர்கள் முன்னால் நீங்கள் சொல்லுங்கள்.