வலது காலுக்குச் சுண்ணாம்பு

ஒரு காலத்தில் நான் பாகூரில் கிளாரினெட் ஊதினேன். நன்றாக ஊதினேன் என்று சொல்லவில்லை, ஊதினேன் என்றுதான் சொல்கிறேன். எங்கள் பேண்டு செட்டில் பதினோரு பேர். கல்யாணம், சாவு, சாமி ஊர்வலம், வெள்ளைக்காரன் திருநாள், எதற்கும் அதே சிவப்புக் கோட்டு, அதே ஏழு பாட்டு. சாவுக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசிப்போம்.

என் வலது கால் ஒரு சனியன். கருவியை வாயில் வைத்த உடனே தானாகத் தரையில் தட்ட ஆரம்பித்துவிடும். எங்கள் பேண்டு மாஸ்டருக்கு அது ஆகாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் எங்கேயோ ஊதிவிட்டு வந்த மனுஷர்.

"தாளம் பெரிய டிரம்முல கீது, உன் கால்ல இல்ல. மரமா நில்லுடா" என்பார். சொல்லிவிட்டுக் கைக்குச்சியால் என் முட்டியில் ஒன்று போடுவார்.

பெரிய டிரம்மை அடித்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்று கூப்பிடுவோம். மற்ற நாளெல்லாம் கரும்பு வெட்டுவார். கரும்புக் கொல்லையில் அவருக்கு 'டேய்' என்று பெயர். சிவப்புக் கோட்டைப் போட்டு டிரம்மை வயிற்றில் மாட்டிக்கொண்ட நாளில் மட்டும் அதே வாய்கள் 'வாப்பா, உக்காரு' என்றன. அந்த ஒரு 'வாப்பா'வுக்காகத்தான் அவர் இருபது வருஷம் அந்தச் சுமையைத் தூக்கினார் என்று நினைக்கிறேன்.

அதே இருபது வருஷத்தில் அவருடைய காது முக்கால்வாசி போய்விட்டது. யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள்தான் அவரைக் கேட்டு வாசிக்கவேண்டும், அவர் எங்களைக் கேட்கவேண்டியதில்லை. ஆரம்பிக்கவும் நிறுத்தவும் மாஸ்டரின் குச்சி. நடுவில் தோல் அதிர்வது அவர் வயிற்றுக்குத் தெரியும். அது போதும்.

பிறகு பிரெஞ்சுக்காரன் போனான், கொடி மாறியது. டிரம்மின் மேல் பிரெஞ்சு எழுத்தில் எங்கள் செட்டின் பெயர் இருந்தது. இனிமேல் அது கூடாது என்று மாஸ்டர் பாண்டிச்சேரியிலிருந்து ஆயில் பெயிண்டு வாங்கிவந்து, இரண்டு பக்கத் தோலிலும் மூவர்ணம் அடித்தார், நடுவில் சக்கரத்தோடு. நன்றாகப் பிடிக்கட்டும் என்று மூன்று கோட்டிங். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ந்த பிறகு அடித்தால் ஈரச் சாக்கை அடித்தது மாதிரி 'தொப்' என்றது. கொடியில் குறை சொல்ல அப்போது யாருக்குத் துணிச்சல்? எங்களுக்காவது அந்தத் 'தொப்' காதில் விழுந்தது. அண்ணனுக்கு வயிற்றில் எதுவுமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னை ஏரிக்கரைப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

"உன் காலு ஆடுமே, அத மட்டும் நிறுத்திடாதபா. அத பாத்து அடிச்சிக்கிறேன்."

"மாஸ்டரு முட்டிய பேத்துடுவாரு அண்ணே."

"நீ பின்வரிசைக்கு வந்துடு. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சா போதும்."

"உனக்குத் தெரியணும்னா கால்ல லாந்தர்தான் கட்டணும்."

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாரே தவிர, கிண்டல் அவருக்குப் பிடிபடாது. மறுநாள் கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பு கரைத்துவந்து, குந்தி உட்கார்ந்து, என் வலது கால் ஷூவுக்கு மட்டும் வெள்ளை அடித்தார். சரியாகத் தெரிகிறதா என்று எழுந்து நாலடி பின்னால் போய்ப் பார்த்தார்.

இப்படித்தான் பதினோரு பேரின் தாளம் என் பெருவிரலுக்கு வந்து சேர்ந்தது. எனக்கா, அன்றுமுதல் தலை கால் புரியவில்லை. அபிஷேகப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தலில் நின்று வாசிக்கிறோம், மாப்பிள்ளை மணையை நோக்கி நடக்கிறார். சும்மா இருக்க முடியாமல் காலைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினேன். டிரம் வேகம் பிடித்தது, செட்டு வேகம் பிடித்தது, மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய் மணையில் விழுந்தார். சிரிப்பில் எனக்குக் கிளாரினெட்டே பீறிட்டது.

"இன்னாடா, ரயிலுக்கா போற?" என்று மாஸ்டர் அண்ணனைக் காய்ச்சினார்.

"கை தப்பிடுச்சி மாஸ்டர்."

திரும்பும் வழியில் அண்ணன் என்னிடம், "காலு ரொம்ப வேகமா போச்சேபா. ஒடம்பு சரியில்லையா?" என்றார். எறும்பு கடித்தது என்றேன். நம்பினார்.

அடுத்த மாதம் மதகு திறக்கப் புது அதிகாரி ஒருவர் வந்தார். மேரி என்று நாங்கள் சொல்லும் நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே பந்தல், ஊரே கூடியிருந்தது. பாட்டின் நடுவில் நான் மட்டும் தனியாக ஊதவேண்டிய ஒரு துண்டு உண்டு. மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள், டிரம் மட்டும் கூட வரும். அதற்கு முந்தின அடியில் அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். மனுஷர் வேறொன்றும் செய்யவில்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, வலது கால் முட்டியிலிருந்து வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது.

நடுக்கம் எது, தாளம் எது என்று அண்ணனுக்கு எப்படித் தெரியும்? வெள்ளை ஷூ ஆடியது, அடித்தார். இன்னும் வேகமாக ஆடியது, இன்னும் வேகமாக அடித்தார். தொப்தொப்தொப்தொப். நெற்றி நரம்பு புடைக்க, கண்ணை என் காலைவிட்டு எடுக்காமல், மூச்சு வாங்க வாங்க அடித்தார். என் கருவியிலிருந்து காற்று மட்டும் வந்தது. அதிகாரி வாயைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டார். பிறகு மொத்தப் பந்தலும் சிரித்தது. சிரிப்பு அண்ணனுக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் போய்க் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினார்.

எங்கள் செட்டின் கொட்டகைக்குத் திரும்பியதும் மாஸ்டர் அண்ணன் முன்னால் போய் நின்றார். "ஏன்டா அப்படி அடிச்ச?"

அண்ணன் என்னைப் பார்த்தார். காலைக் காட்டிக்கொடுத்தால் காதையும் காட்டிக்கொடுத்த மாதிரி. அதனால் அவர் பேசவில்லை. நான் பேசினேன்.

"அண்ணனுக்கு இன்னிக்குத்தான் சுதந்திரம் வந்துச்சி மாஸ்டர்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல ஜோக். இன்றைக்கும் அதைவிட நல்லதாக ஒன்று எனக்கு அமையவில்லை.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனின் முதுகுப் பக்கம் போய் மெதுவாக அவர் பெயரைச் சொன்னார். அண்ணன் திரும்பவில்லை.

"நீ ஊது" என்றார் என்னிடம். "அவன் அடிக்கட்டும். நான் குச்சி காட்டமாட்டேன்." பிறகு என் ஷூவைப் பார்த்தார். "அது இன்னாடா ஒத்தக் கால்ல சுண்ணாம்பு?"

"கோழி எச்சம் மாஸ்டர்."

"காலு ஆடுச்சின்னா நீயும் வூட்டுக்குப் போயிடு."

நாலு தட்டு தட்டினால் போதும், அண்ணன் சேர்ந்துகொள்வார். கல்யாணத்தில் எறும்பு கடித்த கால், பந்தலில் பேய் பிடித்த கால், அப்போது மரமாக நின்றது. மாஸ்டர் கேட்ட அதே மரம். நான் முழுப் பாட்டையும் ஊதினேன். பிசிறே இல்லை. அண்ணன் கையை ஓங்கியபடி, என் ஷூவைப் பார்த்தபடி, பாட்டு முடியும்வரை நின்றார். முடிந்ததே அவருக்குத் தெரியவில்லை. மாஸ்டர் வந்து அவர் கையிலிருந்த டிரம் கட்டையை வாங்கிக்கொண்டதும், அண்ணன் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார்.

போகும்போது என் பக்கத்தில் நின்றார். "நல்லா தெரிஞ்சிதுபா. ஆடல" என்றார். ஏதோ சுண்ணாம்பின் தரத்தைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவர் இடத்துக்கு வந்த ஆள் முதல் நாளே, "தோலு சத்தமே வரலியே மாஸ்டர்" என்றான். ஒரே வாரத்தில் புதுத் தோல் மாட்டினார்கள்.

அந்த வருஷம் தையில் ஒரு கல்யாண ஊர்வலம் அண்ணன் வீட்டுத் தெருமுனையில் நின்றது. அங்கே ஒரு பாட்டு வாசித்தோம். அவர் வேலியோரம் வெறும் மேலோடு, உள்ளங்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றார். புதுத் தோலின் இடி அங்கே வரைக்கும் போயிருக்கவேண்டும். அவருடைய வலது கால் புழுதியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. என் தனித் துண்டு வந்தது, முட்டி நடுங்க ஆரம்பித்தது, நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். ஒரு அடி தப்பவில்லை.

மாஸ்டர் அன்றைக்குத்தான் முதல் முறையாக என் தோளில் தட்டிக்கொடுத்தார்.