மாமா நெத்தி வெலா

உக்குவளையில் ஸுபைதாவிடம் சட்டை தைக்கக் கொடுக்காத சிங்கள வீடு குறைவு. அளவெடுக்க வந்தவர்களிடமிருந்தே அவள் சிங்களம் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுடைய சிங்களம் முழுக்கக் கட்டளையாகத்தான் இருக்கும். கையைத் தூக்கு, அந்தப் பக்கம் திரும்பு, வயிற்றை உள்ளே இழுக்காதே, அளவு பொய்யாகிவிடும். பாடசாலை அதிபர் வந்தாலும் சரி, பன்சலைக்கு, புத்த விகாரைக்கு, உடுத்திப் போக வெள்ளைச் சட்டை தைக்கும் கிழவி வந்தாலும் சரி, அளவு நாடாவைக் கையில் எடுத்துவிட்டால் ஸுபைதாவிடம் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். அதாவது, மரியாதை கிடையாது. அவர்களும் சிரித்துக்கொண்டே சொன்ன பக்கம் திரும்பி நிற்பார்கள். ஆகவே தன் சிங்களத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவள் மனதார நம்பினாள். அந்த நம்பிக்கையில் கை வைக்கும் துணிச்சல் ஊரில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

கணவர் நளீம் மௌத்தாகி, இறந்துபோன மாதத்தில் ஏதோ ஒரு பத்திரத்துக்காக அரச அலுவலகத்துக்குப் போனவள், “மஹத்தயா மெரிலா” என்று உரத்துச் சொன்னாள். மஹத்தயா என்று கணவரைச் சொன்னாள்; மெரிலா என்றால் செத்துப்போச்சு. கோழிக்கும் நாய்க்கும் சொல்லுகிற சொல். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஸுபைதா அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே கொஞ்சம் அழுதும் விட்டாள்.

அது நடந்து மூன்று வருடமாகிவிட்டது. இப்போது மகள் ஜெஸ்லாவுக்குக் கல்யாணம். அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு மாத்தளையில் ஒரு கல்யாண ஹோலில் காவின், அதாவது திருமண ஒப்பந்தம். பெண்ணின் தகப்பன் இல்லாவிட்டால், தகப்பனைப் பெற்றவர்தான் ‘வலி’யாக, பெண்ணின் பொறுப்பாளராக இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்வரை பெண்ணின் சின்ன வாப்பாவுக்கு, தகப்பனின் தம்பிக்குக்கூட, அந்த இடம் இல்லை. அந்த ஒரே ஆள், ஸுபைதாவின் மாமனார் கலந்தர், கல்யாணத்தன்று காலையில் வீட்டில் இல்லை.

காரணம் வீட்டுக்கே தெரியும். முதல் நாள் பின்னேரம்தான் பெரிய சண்டை நடந்தது. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் கை போட்டுச் சாப்பிடும் சஹன் சோறுதான் கல்யாணச் சாப்பாடு என்பது கலந்தரின் கட்சி. ஹோல்காரர் புஃபே தவிர வேறு பேச்சில்லை என்று நின்றார்.

“என்ட பேத்திட கல்யாணத்துல சொந்தக்காரங்க தட்டத் தூக்கிக்கிட்டு லைன்ல நிக்கணுமா? கூப்பன் கடையா இது?” என்று கத்தினார் கலந்தர்.

“மாமா, கீழ ஒக்காந்து சாப்பிட்டா கார்பட் பாழாகும்னு செல்றாங்க.”

“அப்ப கார்பட்டுக்கே காவின எழுதுங்க!”

அதோடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டவர், விடிந்ததும் போனைக்கூட எடுக்காமல் போய்விட்டார். ரத்தொட்ட பஸ்ஸில் அவரைக் கண்டதாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். ரத்தொட்டைக்கு அப்பால் அவருடைய பழைய கூட்டாளி ரபாயேல் இருக்கிறார், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கோபம் வந்தால் கலந்தர் போய் விழும் இடம் அதுதான். ஸுபைதா மருதாணிக் கையோடு நளீமின் தம்பி ஷிஹாமின் த்ரீவீலில் ஏறினாள்.

“நேரத்தோட கூட்டிட்டு வராட்டி மாப்புள்ள வீட்டாக்கள்ட மொகத்துல எப்படித் தம்பி முழிக்கிறது?” என்று வழி முழுக்க அவனை விரட்டினாள். ஷிஹாமும் விரட்டினான். ரத்தொட்ட வீதியில் ஒரு வளைவில் மரக்கறி லொறியை முந்தப் போய், வீதி நடுவிலுள்ள வெள்ளைக்கோட்டைத் தாண்டினான். அந்தப் பக்கம் ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளோடு நின்றார். கையைக் காட்டினார்.

ஷிஹாம் சட்டைப்பையில் லைசென்ஸைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டிலிருந்து ஸுபைதாவின் தலை வெளியே வந்தது.

“சேர், இந்தப் பக்கம் திரும்புங்க!” என்றாள் சிங்களத்தில்.

பொலிஸ்காரர் தன்னை அறியாமல் திரும்பினார். எத்தனை பேரைத் திருப்பிய குரல் அது.

“அப்பே மாமா நெத்தி வெலா!”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பொத்தான் காணவில்லை என்றால் சிங்களத்தில் நெத்தி வெலா. கத்தரிக்கோல் காணவில்லை என்றாலும் நெத்தி வெலா. தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து ஸுபைதா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் சொல் அது. ஆனால் அதையே ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொன்னால், அவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். இதை அவளுக்கு எந்தச் சட்டையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

பொலிஸ்காரர் தண்டச் சீட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார்.

“ஐயோ. எப்போம்மா?”

“இன்னிக்கி காலையிலதான். எழும்பிப் பாக்கிறோம், போய்ட்டாரு.”

“சுகமில்லாம இருந்தாரா?”

“ஒரு வருத்தமும் இல்ல சேர். கோவம். சாப்பாட்டுப் பேச்சுல வந்த கோவம்.”

“பிரெஷர்,” என்று தலையாட்டினார் அவர். “எங்க அப்பாவும் அப்படித்தான். போன வருஷம் நெத்தி வுணா.”

ஸுபைதாவுக்கு மனது கரைந்தது. பாவம், ஒரு வருடமாகத் தகப்பனைத் தேடுகிறாரே இந்த மனிதர், இந்த நிலையில் வீதியில் நின்று வேலையும் செய்கிறாரே என்று நினைத்தாள்.

“கவலப்படாதீங்க சேர். தேடுங்க. எங்கயாவது இருப்பாரு. ஒரு நாளைக்கிக் கட்டாயம் கெடைப்பாரு.”

பொலிஸ்காரரின் கண் கலங்கிவிட்டது. மறுபிறப்பைப் பற்றி இவ்வளவு உறுதியாக அவருக்கு யாரும் ஆறுதல் சொன்னதில்லை, அதுவும் ஒரு முஸ்லிம் பெண். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

“உங்க ஆக்கள் அன்னிக்கே எல்லாத்தையும் முடிச்சிடுவீங்க, இல்லையா?”

“ஓ, இன்னிக்கேதான். அஸருக்குப் பொறகு மாத்தளையில ஹோல். சேரும் வரணும். புரியாணி, வட்டிலப்பம் எல்லாம் இருக்கு.”

பொலிஸ்காரர் ஒரு நொடி திகைத்தார். பிறகு, ஒவ்வொரு சமயத்துக்கும் ஒவ்வொரு வழக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஷிஹாமின் சிங்களம் சுத்தமானது. முதல் வசனத்திலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் கக்கத்துக்குப் போன புத்தகத்தை மறுபடி கைக்கு வரவழைக்க எந்தச் சாரதிக்குத்தான் மனம் வரும்? வாயைத் திறக்காமல் முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“பொடி எங்க இருக்கு?” என்று பொலிஸ்காரர் அவனிடம் தாழ்ந்த குரலில், பிரேதத்தைக் குறித்துக் கேட்டார்.

“ரத்தொட்டைக்கு அங்கால,” என்றான் ஷிஹாம், முனகலாக.

“மேல வீதி வேல நடக்குது. வாகனமெல்லாம் நிக்குது. நான் முன்னுக்குப் போறேன், பின்னாலயே வாங்க.”

நின்ற வரிசை முழுவதும் ஒதுங்கி வழிவிட, பொலிஸ் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் த்ரீவீல் ராஜநடை போட்டது. ஸுபைதா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பாத்தீங்களா தம்பி, மாமாவத் தேட பொலிஸே எறங்கிடிச்சி. பாஷ தெரிஞ்சிருக்கணும்.”

“ஓ மதினி,” என்றான் ஷிஹாம். அவனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது.

ரபாயேலின் வீடு தேயிலை மலைக்குக் கீழே இருந்தது. ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இறங்கிய பனி முற்றம்வரை வந்திருந்தது. பொலிஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி மெதுவாக உள்ளே போனார். மேசையில் இரண்டு கிழவர்கள் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பொடி எந்த அறையில?” என்று கேட்டார்.

“பொடியா?” ரபாயேல் எழுந்தே விட்டார். “என்னாங்க சேர் சொல்றீங்க? யாரு பொடி?”

“இந்த அம்மாவோட மாமா.”

ரொட்டித் துண்டு பிடித்த கை ஒன்று மெல்ல உயர்ந்தது. “நான்தான்,” என்றார் கலந்தர்.

பொலிஸ்காரர் வாசலில் நின்ற ஸுபைதாவைப் பார்த்தார். “நீங்கதானே சொன்னீங்க, மாமா நெத்தி வெலான்னு?”

“ஓ! இந்தா கெடச்சிட்டாரே!” என்று பூரித்துப் போனாள் அவள்.

ஷிஹாம் வெளியே நின்று தேயிலைச் செடிகளை உன்னிப்பாக ஆராய்ந்தான். ரபாயேலுக்குத்தான் முதலில் விளங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தங்கச்சி, சாவியத் தொலச்சாத்தான் அப்படிச் சொல்லலாம். மனுசனுக்குச் சொன்னா செத்துப்போனாருன்னு அர்த்தம்மா!”

ஸுபைதாவுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. “செத்தா மெரிலாதானே?” என்று பொலிஸ்காரரிடம் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

கோபப்பட ஆயத்தமாக நின்ற அந்த மனிதர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்தார். “நல்ல மனுசருக்கு நாங்க அப்படிச் சொல்றதில்லம்மா. நெத்தி வெலா, அதுதான் மரியாத.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத்துப் பெண்ணின் பார்வை இப்போதுதான் விளங்கியது. “எங்கட அவர நான் நாய்க்குச் செல்ற மாதிரியில்லா செல்லிட்டு வந்திருக்கேன்,” என்று முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். கலந்தரும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் ஸுபைதாவின் அழுகை எப்போதும் நீளாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமனாரிடம் திரும்பினாள்.

“மாமா, இப்ப நீங்களே செல்லுங்க. நீங்க மவுத்தா, காணாமப் போனவரா? மவுத்துன்னா ஷிஹாம் தம்பி வலியா நிக்கட்டும், நான் பேசாமப் போறேன். காணாமப் போனவர்னா எழும்பி வாங்க. ரெண்டுல ஒண்ணு செல்லுங்க, இந்த சேருக்கும் நான் பதில் செல்லணும்.”

கலந்தர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டார். “சஹனும் கார்பட்டும் எனக்கு ஒண்ணுமில்ல மக,” என்றார். “மாப்புள்ளட கையப் பிடிக்க வேண்டியது நளீம். நான் போய்ப் பிடிச்சா, அவன் இல்லேங்கிறது அதோட முடிவாயிடும். இன்னும் எனக்கு அந்தச் சொல்லு வாயில வருதில்ல.”

ஷிஹாம் உள்ளே வந்து சுவரோடு நின்றான். ஸுபைதா எழுந்து மாமனாரின் பக்கத்தில் போனாள்.

“எங்கட அவரும் நெத்தி வெலாதான் மாமா. மூணு வருஷமா நானும் மெஷின் சத்தத்துக்குள்ள தேடிக்கிட்டுத்தான் ஈக்கிறேன். அவர் கெடைக்கமாட்டாரு. நீங்க கெடச்சிட்டீங்க. எழும்புங்க.”

கிழவர் எழுந்து கை கழுவப் போனார்.

அந்த இடைவெளியில் பொலிஸ்காரர் மறுபடி தண்டச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஷிஹாமுக்கு முகம் கறுத்தது. “அக்காவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்,” என்றார் அவர். “அதோட, வெள்ளக்கோட்டுக்கு ரெண்டு அர்த்தம் கெடையாது தம்பி.” எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வீதி வேலை நடக்கும் இடத்தில் மறுபடியும் வழியெடுத்துத் தர முன்னால் போய் நின்றார்.

அஸருக்குப் பிறகு ஹோலில் பதிவாளர் பெண்ணின் தகப்பன் பெயரைக் கேட்டார். சபையே காத்திருந்தது. கலந்தர் தொண்டையைச் செருமினார்.

“நளீம். என்ட மகன். மவுத்து.”

சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் நடுவில், ஸுபைதா மகளின் தோளில் சாய்ந்து அழுதாள். பவுடரெல்லாம் கரையுது என்று யாரோ அதட்டினார்கள். ஜெஸ்லா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.