பிரேமிளாவின் பிளொப்பி

செட்டிகுளத்தில் கூலிக்கு வயல் செய்த ராசுவின் மகள் பிரேமிளா, 1998இல் பொறியியல் ஆராய்ச்சி மாணவி. வெல்டிங்கில் உருகும் இரும்புக் குழம்பு எந்தப் பக்கம் ஓடும், அதற்குள் வெப்பம் எப்படிப் பரவும் என்று கொம்பியூட்டரில் கணக்கிடுவது அவளுடைய வேலை. பல்கலைக்கழகக் கொம்பியூட்டர் பழுதான பிறகு, இரண்டு வருட உழைப்பில் மிஞ்சியிருந்தது, கணக்குகளைப் பதிந்து வைத்திருந்த ஒரு பிளொப்பித் தட்டுதான். அதைக் கையோடு வைத்துக்கொண்டே திரிந்தாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது, இராணுவச் சோதனைச்சாவடியில் இருந்த சிங்கள அதிகாரி அவளுடைய கொப்பியில் கந்தகம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கண்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கம் கேட்டார்.

“இரும்பில கொஞ்சம் கந்தகம் இருந்தால் குழம்பு உள்பக்கமாத் திரும்பி ஓடும். சூடு ஆழமா இறங்கும். அதைத்தான் கணக்குப் பாக்கிறன்,” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் கந்தகத்தையும் சூட்டையும் மட்டும் சொன்னார். குண்டு செய்கிறவள் என்று மூன்று நாள் அடைத்து வைத்தார்கள்.

பேராசிரியரின் கடிதம் வந்ததும் போகச் சொன்னார்கள். அவர்கள் பறித்து வைத்திருந்த பிளொப்பியைக் கேட்டாள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க உடைத்துவிட்டார்களாம்.

பிரேமிளா கதிரையை விட்டு எழும்பவில்லை.

“உடைச்சது நீங்கள்தான் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. இல்லாட்டிப் போகமாட்டன்.”

பின்னேரம் வரை அசையாமல் இருந்தாள். கடைசியில் அதிகாரி ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார்.

அழிந்த கணக்குகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத மேலும் ஒன்றரை வருடம் பிடித்தது. பட்டம் கிடைத்த அன்று வாழ்த்த வந்தவர்களிடம் முகம் கொடுத்தே கதைக்கவில்லை.

“செய்த வேலையைத் திருப்பிச் செய்தனான். அதுக்கு என்ன சந்தோசம்?” என்றாள்.