இரண்டிலும் கிளிதான்

அது பொங்கலுக்கு அடுத்த புதன்கிழமை. துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் முன்பள்ளிக்குக் கலர்த் தாளும் பசையும் வாங்கிவரச் சொல்லி, பெற்றோர் சங்கத் தலைவர் என்னிடம் ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றைத் தந்தார். என் கைப்பையில் பஸ்ஸுக்கு வைத்திருந்த குற்றிக்காசைத் தவிர வேறு காசு இல்லை. எதிர்க்கடையில் முந்நூற்று நாற்பது ரூபாவுக்குச் சாமான் வாங்கினேன். முதலாளி மிச்சமாக நூற்று அறுபது தந்தார்.

"நான் ஆயிரம் தந்தனான்."

அவர் காசு லாச்சியை இழுத்து மேலே கிடந்த ஐநூறு ரூபாத் தாளைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் தந்தீங்கள். ரெண்டிலயும் கிளி இருக்கிறபடியால் மாறிப்போயிருக்கும். காசு பார்க்கத் தெரியாமலோ டீச்சர் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறீங்கள்?"

கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஐநூறு ஊதா, ஆயிரம் பச்சை. இரண்டிலும் கிளிப் படம் இருப்பது உண்மைதான். அதை அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மாதக் கொடுப்பனவிலிருந்து ஐநூறைச் சங்கத்துக்குக் கட்டினேன். அடுத்த கூட்டத்தில் தலைவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "இனி சாமான் வாங்க வேற ஆரையும் அனுப்புவம். டீச்சருக்கு ஏன் கரைச்சல்." தாய்மார் தலையாட்டினார்கள். பின்கதிரையில் யாரோ "கிளி டீச்சர்" என்றது எனக்குக் கேட்டது. காசு போனதைப் பொறுத்திருப்பேன். அந்தப் பெயரைப் பொறுக்க ஏலவில்லை.

பழிவாங்கும் கதைகள் நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் வாள் வரும், நஞ்சு வரும், வழக்கு வரும். என்னிடம் இருந்தவை நாலு வயதுப் பிள்ளைகள்.

மாசி மாதம் வகுப்பின் மூலையில் ஒரு விளையாட்டுக் கடை போட்டேன். பிள்ளைகளுக்கு இலக்கம் பிடிபடவில்லை, பறவை உடனே பிடிபட்டது. இருபதில் ஆந்தை, ஐம்பதில் நீலக்குருவி, நூறில் புலுனி. கிளிகளை நிறத்தால் பிரித்தோம். குற்றிதான் சிக்கல். பொன்னிறமான பழைய ஐந்து ரூபாவை வெள்ளைப் பத்து ரூபாவைவிடப் பெரிய காசென்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அதைத் திருத்தப் பங்குனி முழுதும் போனது.

பாடத்திட்டத்தில் இல்லாத இரண்டு விதிகளையும் சேர்த்துக்கொண்டேன். காசு கொடுக்கும்போது பறவையின் பெயரையும் பெறுமதியையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். மிச்சத்துக்குப் பதிலாக டொபி தந்தால் வாங்கக் கூடாது. எதிர்க்கடை முதலாளி ஐந்து ரூபா மிச்சத்தை எப்போதும் டொபியாகத்தான் கொடுப்பார். நானே கடைக்காரியாக இருந்து டொபியை நீட்டி நீட்டிப் பழக்கினேன். அந்த விதி படியத்தான் நாள் எடுத்தது.

வைகாசியில், அதுவும் ஒரு புதன்கிழமை, மீன் ஏலம் முடிந்து ஆட்கள் தேத்தண்ணிக்கு வரும் நேரம் பார்த்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். தலைவரையும் வரச் சொல்லியிருந்தேன். பெற்றோர் ஆளுக்கு ஐம்பது ரூபா கொடுத்துவிட்டிருந்தார்கள். பென்சில் நாற்பத்தைந்து.

முதலில் நின்ற சிறுமி தாளை நீட்டினாள். "நீலக்குருவி. அம்பது ரூபா."

முதலாளி சிரித்தபடி பென்சிலையும் டொபியையும் வைத்தார். அவள் டொபியைத் திருப்பித் தள்ளினாள்.

"இது காசில்லை."

"இனிப்பு பிள்ளை, வைச்சிரும்."

"எனக்கு அஞ்சு ரூபாக் குற்றி வேணும்."

"குடுங்கோ முதலாளி," என்றார் மீன்பெட்டியில் குந்தியிருந்த ஒருவர். "எங்களைப் போல ஏமாளியள் இல்லை இவை."

இரண்டாவது பிள்ளையும் தள்ளியது. மூன்றாவதும். லாச்சியில் குற்றி முடிந்து, அவர் பக்கத்துத் தையல் கடைக்கு ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தார். வரிசை அசையாமல் நின்றது. கடைசிப் பிள்ளையிடம் என் சொந்த ஆயிரம் ரூபாவைக் கொடுத்து, அன்று வாங்கிய அதே கலர்த் தாளையும் பசையையும் வாங்கச் சொன்னேன்.

"பச்சைக் கிளி. ஆயிரம் ரூபா," என்றான் அவன், வாசலுக்கு வெளியிலும் கேட்கிற குரலில்.

முதலாளி மிச்சத்தை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார். நான் முன்னால் போனேன்.

"ரெண்டிலயும் கிளிதானே முதலாளி. இண்டைக்கு மாறேல்லையே?"

"டீச்சர், அண்டைக்கு…"

"அண்டைக்கு என்ன?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் லாச்சியைச் சாத்தினார். தலைவர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அடுத்த மாதம் சாமான் வாங்கும் காசை என் கையில்தான் தந்தார்.

என் ஐநூறு இன்னும் வரவில்லை. அது வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். வந்தால் இதை நிறுத்த வேண்டிவரும். ஒவ்வொரு வைகாசியும் புதுப் பிள்ளைகளோடு வீதியைக் கடக்கிறேன். வரிசையைக் கண்டதும் முதலாளி டொபிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் குற்றிகளை எண்ணத் தொடங்குகிறார்.