கடல்மேல் போன சப்பரம்

தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவரை நீட்டியவர்கள் வடக்கே வர வேண்டிய மணலைத் தடுத்தார்கள். ராயபுரத்தில் எங்கள் குப்பத்தின் முன்தெரு கடலுக்குள் போனது அதனால்தான். அதிகாரிகள் ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். கடைசி நாட்களில் காலடிப்பேட்டைப் பக்கம் போய்விட்ட ரோசலி அக்கா இறந்துவிட்டார் என்று, அவரோடு மீன்கூடை சுமந்த பெண் அங்கே சந்தையில் சொன்னபோது, அந்தப் பொய்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாதவர் அவர்.

முன்தெருவில் முதலில் விழுந்தது அவர் வீடு. பின்தெருவில் என் வீட்டை ஒட்டிக் குடிசை போட்டுக்கொண்டார். "கடலு வந்துகினே கீது, நீ இன்னா இன்னும் பேப்பர் படிச்சிகினு கீற?" என்று என்னைச் சீண்டுவார்.

பிறகு கரையில் கல் கொட்டும் திட்டம் வந்தது. பின்தெருவுக்கும் பின்னால் அளந்தார்கள். அப்படிப் போட்டால் மிச்சமிருந்த வீடுகளும் கடலுக்குத்தான். ஏன் என்று கேட்டோம். முன்னால் தெரு எதுவும் இருந்ததில்லை, நீங்கள்தான் கடலை நெருங்கிக் குடியேறினீர்கள் என்றார் அதிகாரி.

மாதா திருவிழாவில் சப்பரம் முன்தெருவில் வாசலுக்கு வாசல் நிற்கும். வீட்டார் மெழுகுவர்த்தி பிடித்து, உப்பும் மிளகும் போடுவார்கள். அந்த ஆண்டு பின்தெருவோடு திரும்பிவிடலாம் என்றார் கோயில் பெரியவர்.

"எங்க வூட்டாண்ட மாதா வரமாட்டாளா?" என்றார் அக்கா.

"வூடு எங்கம்மா கீது?"

"அங்கதான் கீது நைனா. மேல தண்ணி குந்திகினு கீது, அவ்ளோதான்."

கட்டுமரங்களைச் சேர்த்துக் கட்டிச் சப்பரத்தை ஏற்றினோம். வீடிழந்தவர்கள் அவரவர் வாசல் இருந்த இடத்தில், இடுப்பளவு நீரில், மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். "ஏய், எங்க செவுரு தாண்டி வந்துட்ட, தள்ளி நில்லு" என்று சண்டைகூட நடந்தது. அளக்க வந்த அதிகாரி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நீரிலிருந்தே கூப்பிட்டார்: "இன்னா சார், வாசல் வரைக்கும் வந்துட்டு நிக்கிறியே, உள்ள வா."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மறுபடி அளந்தார்கள். கல் எங்கள் வீடுகளுக்கு முன்னால், கடல் பக்கம் விழுந்தது.

அந்தத் துணிச்சலை நான் வைத்துக்கொள்கிறேன். மணலைத் தடுத்தவர்கள், தெற்கே குவிந்ததை வடக்கே கொண்டுவந்து கொட்ட வேண்டும். கல் போடுபவர்கள் கட்டுமரம் இறங்க வழி விட வேண்டும். அதிகாரிகள் முன்தெருவைத் தெரு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குப்பத்தார் சப்பரத்தைப் பின்தெருவோடு திருப்பக் கூடாது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வாசலில் மெழுகுவர்த்தி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஆண்டு நான் நிற்கிறேன்.