மரியாதைத் தண்ணீர்

எண்பதுகளின் நடுவில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் மாதமே என்னை விஞ்ஞானியாக நானே நியமித்துக்கொண்டேன். அதற்கு வேறு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

எல்லாம் ஒரு பாட்டில் செய்த வேலை. சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்த என் சிநேகிதன் தயாரித்துக் கொடுத்த கரைசல் அது. தண்ணீரில் விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் அப்படியே நின்றால் நல்ல தண்ணீர். மஞ்சளாக மாறினால் ஃபுளூரைடு அதிகம். குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும், வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இந்தத் தொல்லை உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிணற்றில் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இதோ நான் இருக்கிறேனே என்று கிளம்பிவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பாட்டிலில் அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். தேங்காயெண்ணெய் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், இன்னதென்று வகுப்பில் சொல்லக்கூடாத பாட்டில் எல்லாம் மேசைக்கு வந்தன. பாட்டிலை எத்தனை முறை கழுவ வேண்டும், கார்க்கை எப்படி மூட வேண்டும் என்று ஒரு பீரியடு முழுக்கப் பேசியிருந்தேன். பிறகு பிள்ளைகளே அளந்து ஊற்றினார்கள், சொட்டு விட்டார்கள், நிறம் பார்த்து எழுதினார்கள். நான் மட்டும் வித்தை காட்டுகிறவன் மாதிரி சோதனைக்குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவாரியாக ஒரு சார்ட் தயாரானது. தலைமையாசிரியர் அதை ஆபீஸ் அறையில் மாட்டினார். அதன் கீழே நின்று நான் டீ குடித்த நாட்கள் கொஞ்சமல்ல.

அந்தச் சமயம் ஊருக்கு ஒரே ஒரு கை பம்பு வர இருந்தது. எந்தத் தெருவில் போடுவது என்று பஞ்சாயத்துத் தலைவர் என்னிடமே கேட்டார். சார்ட்டைப் பார்த்து, ஏரிக்கரைத் தெருவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், அங்கே தண்ணீர் பிரமாதம் என்றேன். அந்தத் தெருவிலிருந்து ஒரே ஒரு பாட்டில்தான் வந்திருந்தது. அழகான இளஞ்சிவப்பு. வகுப்பில் இதை நான் அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள், பாட்டில் கொண்டுவந்த பெண்ணைத் தவிர.

மறுநாள் அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், அது எங்க கெணத்துத் தண்ணி இல்லீங்க சார். தோப்புத் தண்ணி" என்றாள்.

அப்போதுதான் அவள் பற்களைப் பார்த்தேன். வகுப்பிலேயே அதிகம் பழுப்பேறிய பற்கள். இத்தனை மாதமாக என் எதிரில் உட்கார்ந்து பாடம் ஒப்பித்தவள். அவளை விட்டுவிட்டுச் சோதனைக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த மேதை நான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவுக்கு முட்டி மடங்காது; சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். விஷயம் இதுதான். வாத்தியாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா மகளை ஒன்றரை மைல் தாண்டி மாந்தோப்புக் கிணற்றுக்கு அனுப்பி, அங்கிருந்து எடுத்துவந்த தண்ணீரை வடிகட்டி அனுப்பியிருக்கிறார்.

"நம்ம வூட்டு உப்புத் தண்ணிய வாத்தியாருக்கு எப்பிடிங்க குடுக்கறது? நீங்க குடிப்பீங்கன்னு நெனச்சனுங்க சார்" என்றார்.

பாட்டில் கழுவுவதைப் பற்றி ஒரு பீரியடு பேசியவன், தண்ணீர் குடிப்பதற்கல்ல என்று ஒரு வாக்கியம் சொல்லவில்லை. அவர்கள் கிணற்றில் நானே இறைத்து அங்கேயே சோதித்தேன். மஞ்சள். எலுமிச்சம்பழம் தோற்றது.

அதோடு எழுந்து வந்திருந்தால் வாத்தியார் ஆவேனா? ஃபுளூரைடு பற்றி முழுப் பாடத்தையும் நடத்திவிட்டேன். அந்த அம்மா தூளியில் கிடந்த கைக்குழந்தையைப் பார்த்தார். இவனுக்காவது நல்ல பல் முளைக்க வேண்டும், இனி தோப்புத் தண்ணீர்தான் என்றார். தன்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, வீட்டுக்காரர் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார், மகள்தான் போயாக வேண்டும். தெருவுக்குப் பம்பு வந்தால் அவள் படிக்கலாம். வராவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டியதுதான். கோபமில்லாமல் சொன்னார். அறிவியலைக் கொண்டு நான் செய்த முதல் காரியம் ஒரு பெண்ணின் படிப்புக்கு உலை வைத்தது.

தலைவரிடம் போய், நான் தப்பு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். மற்ற தெருவெல்லாம் சரியா சார் என்று அவர் கேட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கிணறாகப் போனேன். வழி நெடுக உண்மை வெளிவந்தது. ஒரு வீட்டில் பாட்டிலில் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்களாம். இன்னொரு வீட்டில் காய்ச்சி ஆற்றி அனுப்பியிருந்தார்கள். என் சார்ட்டில் இருந்ததில் நாலில் ஒரு பங்கு மரியாதைத் தண்ணீர். சார்ட்டை நானே கழற்றினேன். ஏரிக்கரைத் தெருதான் இருப்பதிலேயே மோசம் என்று இந்த முறை தெரிந்தது. பம்பு அங்கே என்று முடிவானது.

பம்பு போட்ட அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். எனக்கும் ஒரு மாலை. புத்தி வந்ததா என்றால் இல்லை. எல்லோர் முன்னாலும் சோதித்துக் காட்டுகிறேன் என்று பாட்டிலை எடுத்தேன். அந்தப் பெண்ணே பம்பை அடித்துத் தண்ணீர் பிடித்தாள், சொட்டு விட்டாள்.

மஞ்சள்.

ஆழத்துத் தண்ணீரில் இது இன்னும் அதிகமாக இருக்கக்கூடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழாயைக் கைக்குள் மூடிக்கொண்டேன். சுற்றிலும் முதல் குடத்துக்கு அடிதடி ஆரம்பித்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், வெட்கத்தை விட்டு இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா இடுப்பில் குழந்தையோடு மெதுவாக நடந்து வந்து, என்ன கலருங்க சார் என்றார்.

"மஞ்சள்தாம்மா. துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்க வேண்டாம்" என்றேன். கூட்டத்துக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன். தலைவர் என் கழுத்து மாலையைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அழுகை வந்துவிடும் போலிருந்தது எனக்கு. சைக்கிளில் தினமும் இரண்டு குடம் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று உளறினேன். வாத்தியார் தண்ணீர் தூக்கினால் ஊர் தங்களைத்தான் ஏசும் என்று அந்த அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். பிறகு அவரே மகளிடம் காலையில் முதல் பீரியடு என்ன என்று கேட்டார். சயன்ஸ் என்றாள் அவள்.

"அத மட்டும் செத்த தள்ளி வெச்சுக்குங்க சார். தண்ணி ஊத்திட்டு ஓடியாந்துருவா."

மறுநாள் தலைமையாசிரியரிடம் கெஞ்சி நேர அட்டவணையை மாற்றினேன். ஒன்பதாம் வகுப்புக்குத் தினமும் முதல் பீரியடு டிரில் ஆனது. மார்கழிப் பனியில் மைதானத்தில் நின்று விசில் ஊதிய டிரில் மாஸ்டர் என்னோடு அந்த வருஷம் முழுக்கப் பேசவில்லை. இரண்டாம் பீரியடு மணி அடித்ததும் நான் கரும்பலகையைத் துடைப்பேன். துடைத்ததையே திரும்பவும் துடைப்பேன். இடுப்புப் பக்கம் நனைந்த பாவாடையோடு, மூச்சிரைக்க அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் திரும்புவேன்.